பெயரில்லாத வரிகளுக்குப் பெயர் எழுத இடம் கொடுங்கள்

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய சென்சஸ் தாள்களை வைத்துத் தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கூடமாட உதவி வருகிறேன். அவர்கள் சார்பில் உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். 1850, 1860 ஆண்டுகளின் அடிமை அட்டவணைகளில், அதாவது அடிமைப்பட்டிருந்தவர்களை மட்டும் தனியாக எண்ணிய சென்சஸ் தாள்களில், பெயரில்லாமல் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, சான்றோடு பெயர் சேர்க்க ஒரு வசதி செய்து கொடுங்கள்.

பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கும் கடைசி சென்சஸான 1950-இல் தொடங்கிப் பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போவது ஓரளவு சுலபம். நடுவில் 1890 மட்டும் பெரிய பள்ளம். 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிடித்த தீயில் அந்தத் தாள்கள் கருகின, நனைந்தன. மிஞ்சியவற்றை அழிக்க 1933 பிப்ரவரி 21 அன்று காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய நாள்தான் உங்கள் காப்பகக் கட்டடத்துக்கு அதிபர் ஹூவர் அடிக்கல் நாட்டியிருந்தார். ஆறு கோடிப் பேருக்கு மேல் எண்ணிய கணக்கில் இன்று நம் கையில் இருப்பது சுமார் 6,160 பெயர்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, அந்தப் பள்ளத்தை 1880 தாள்களின் துணையோடு தாண்டிவிடலாம். 1870-உம் கிடைத்துவிடும். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் எல்லோரும் பெயரோடு எண்ணப்பட்ட முதல் சென்சஸ் அது. அதற்கு முன்னால் போனால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

1790 முதல் 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான சங்கடம். 1850-இல் அது மாறியது. வீட்டிலிருந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள், அவர் சுதந்திரமானவராக இருந்தால். மற்றவர்களுக்குத் தனி அட்டவணை. அதிலும் பெயரை எழுதலாம் என்றுதான் முதலில் திட்டம். செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் எதிர்த்ததால் பெயருக்குப் பதிலாக எண் வந்தது.

அந்தத் தாள் ஒன்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடதுபுறம் உடைமையாளரின் பெயர், அழகான சாய்வெழுத்தில். அதற்குக் கீழே வரிசையாக 1, 1, 1. பக்கத்தில் வயது, பால், நிறம். நாற்பது வயது ஆண். முப்பத்தெட்டு வயதுப் பெண். பன்னிரண்டு. ஒன்பது. ஆறு மாதம். தப்பி ஓடியவரா, விடுவிக்கப்பட்டவரா, பார்வையற்றவரா என்பதற்கெல்லாம் கட்டம் உண்டு. பல இடங்களில் மூத்தவரிலிருந்து இளையவர் என்று வயது வரிசையில் எழுதிவிட்டார்கள். தாய் ஒரு மூலையில், கைக்குழந்தை கடைசி வரியில். யார் பிள்ளை யாரென்று அந்தத் தாளிலிருந்து சொல்லவே முடியாது. 1860-இல் இப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறக்குறைய 39.5 லட்சம் பேர்.

விதிவிலக்குகளும் உண்டு. டெக்சாஸின் போவி கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) டென்னசியின் ஸ்காட் கவுண்டியிலும் 1850-இல் கணக்கெடுத்தவர்கள் பெயர்களையும் எழுதி வைத்தார்கள். கேட்டிருந்தால் எல்லா இடத்திலும் எழுதியிருக்கலாம் என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி.

இந்தச் சுவரில் ஓட்டை போடும் குடும்பங்கள் இருக்கின்றன. 1870 தாளில் தங்கள் கொள்ளுப்பாட்டன் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். அக்கம்பக்கத்தில் யார் யார், நிலம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் யார் என்று குறித்துக்கொள்வார்கள். அவர்கள் பெயரை 1860 அடிமை அட்டவணையில் தேடி, வயதில் பத்தைக் கழித்துப் பொருத்திப் பார்ப்பார்கள். அது ஊகம்தான். குடும்பப் பெயர் கடைசி எசமானுடையதாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. அதனால் அப்புறம் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போவார்கள். எசமான் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் மாடு, கலப்பை, கட்டிலோடு மனிதர்களின் பெயரும் விலையும் இருக்கும். அதைப் படித்து முடிக்க நெஞ்சுரம் வேண்டும். ஆனால் பெயர் அங்கேதான் இருக்கிறது.

அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களுக்காக நடந்த ஃப்ரீட்மேன்ஸ் வங்கியின் பதிவேடுகள் உங்களிடமே உள்ளன, அவை இதைவிட நல்ல சான்று. 1865 முதல் 1874 வரை இயங்கிய அந்த வங்கியில் கணக்குத் தொடங்கியவரிடம் பிறந்த ஊர், பழைய எசமான், தோட்டத்தின் பெயர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று பலவற்றைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அப்படி விடுபட்டவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் ஆவணங்களிலிருந்து 2016-க்குள் தன்னார்வலர்கள் படித்துப் பதிந்த பெயர்கள் மட்டும் சுமார் 18 லட்சம்.

இத்தனை உழைப்பும் அவரவர் வீட்டு நோட்டிலும் கட்டணத் தளங்களின் குடும்ப மரங்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஒரு தோட்டத்தின் பன்னிரண்டு வரிகளில் மூன்றை ஒரு குடும்பம் கண்டுபிடித்திருக்கும். இன்னும் இரண்டை வேறு ஊரில் வேறொரு குடும்பம் கண்டுபிடித்திருக்கும். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அசல் தாளோடு இவை சேர்ந்தால் மற்ற ஏழும் யாரென்று தேட வழி பிறக்கும்.

தவறான பெயர்கள் நுழைந்துவிடுமே என்று நீங்கள் தயங்கலாம். நியாயமான தயக்கம். அசல் பதிவைத் தொடவே வேண்டாம். பெயரைத் தனி அடுக்காக வையுங்கள். எந்த உயில், எந்தப் பதிவேடு என்ற சான்று இல்லாமல் ஏற்காதீர்கள். உறுதி, ஏறக்குறைய உறுதி, ஊகம் என்று தரம் பிரியுங்கள். பொதுமக்கள் ஆவணங்களை எழுத்துப்படி எடுக்க உங்கள் இணைய ஆவணப் பட்டியலில் ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறீர்கள். 2022 ஏப்ரல் 1 அன்று 1950 சென்சஸைத் திறந்தபோது, இயந்திரம் படித்த பெயர்களைத் திருத்தவும் எங்களை விட்டீர்கள். மக்களை நம்புவது உங்களுக்குப் புதிதல்ல.

1790-இல் நிறைவேறிய முதல் சென்சஸ் சட்டம், கணக்கெடுத்த தாளை மக்கள் கூடும் இரண்டு பொது இடங்களில் ஒட்டிவைக்கச் சொன்னது. தன் குடும்பத்தைப் பற்றி எழுதியது சரியா என்று அவரவர் வந்து பார்க்கலாம். பெயரே எழுதப்படாதவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததில்லை. இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்.

சென்சஸ் தாள்களை 72 ஆண்டுகள் மூடிவைக்கும் விதிப்படி 1960 சென்சஸ் 2032 ஏப்ரலில் திறக்கும். அதற்கான மென்பொருளுக்கும் ஆட்களுக்கும் திட்டம் போடும்போதே 1850, 1860 அடிமை அட்டவணைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு கவுண்டியில் செய்து பாருங்கள். சான்றுகளைக் கொண்டுவந்து கொடுக்கக் குடும்பங்கள் தயாராக இருக்கின்றன, உட்கார்ந்து படித்துச் சரிபார்க்க என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வட கரோலினாவில் வாழும் ஒரு தமிழ்த் தன்னார்வலர்