நீ பாதியில் நிறுத்திய படம்

எய்யா,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாய். அடுத்த மூச்சில் "மீட்டிங் இருக்கும்மா" என்பாய். நடுவில் நான் ஒரு வார்த்தை நுழைக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். தபால் மெதுவாகவே வரட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

ஆனித் தேரோட்டம் நல்லபடியாக முடிந்தது. குற்றாலத்தில் சீசன் சுமார்தான். மாடிக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஊர் விஷயம் இவ்வளவுதான், சினிமாவுக்கு வருகிறேன்.

நீ பாதியில் நிறுத்தி வைத்திருந்த 'கிராமர் வெர்சஸ் கிராமர்' படத்தை நான் பார்த்து முடித்துவிட்டேன். டிவியைப் போட்டதும் 'ஆச்சி' என்று என் பேரை அமுக்குவதற்குப் பதில் கை தவறி உன் பேரை அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அந்தப் படம்தான் முதலில் வந்து நின்றது. சரி, என்னதான் பார்க்கிறான் என்று ஆரம்பத்துக்கு ஓட்டி முழுசாகப் பார்த்தேன். 1979இல் வந்த படம், ஐந்து ஆஸ்கார் வாங்கியிருக்கிறது என்று உங்கப்பாவிடம் சொன்னேன். "அழுகைப் படமா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அவருக்கு எம்.ஜி.ஆர். போதும். அதிலும் 'பாசம்' படத்தில் எம்.ஜி.ஆர். செத்துப்போவதை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அது வந்தது 1962இல். அப்படிப்பட்ட மனுஷனிடம் நான் எதையாவது சொல்லிவைப்பேன் என்று நீ பயப்படவே வேண்டாம்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. பெண்டாட்டி வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலை, டஸ்டின் ஹாஃப்மன் பிள்ளைக்கு முட்டையில் தோய்த்த ரொட்டி சுடுகிறான். முட்டையைக் காபிக் கோப்பையில் உடைத்து ஊற்றி அடிக்கிறான். ரொட்டி கோப்பைக்குள் போகவில்லை என்று மடக்கித் திணிக்கிறான். பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. சட்டி கையைச் சுட்டுக் கீழே விழுகிறவரைக்கும் அவன் வாய் ஓயவில்லை, ஜாலியாக இருக்கிறோம், ஜாலியாக இருக்கிறோம் என்றுதான் பேச்சு. அடுப்படியில் நின்று பழகின எவளுக்கும் அதைப் பார்த்தால் சிரிப்பு வராது. நீயும் இப்போதெல்லாம் போனில் ரொம்ப ஜாலியாகத்தான் பேசுகிறாய்.

மெரில் ஸ்ட்ரீப் திரும்பி வந்து ஓட்டலில் உட்கார்ந்து, பிள்ளை எனக்கு வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நீ நிறுத்தியிருந்தாய். அதற்குப் பிறகு கோர்ட்டுதான். அதை நீ பார்க்க வேண்டாம், முடிவை நானே சொல்லிவிடுகிறேன். ஜட்ஜ் பிள்ளையை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறார். அப்பீல் போனால் பிள்ளையைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள் என்று வக்கீல் சொன்னதும், அவன் அப்பீலே வேண்டாம் என்றுவிடுகிறான். கடைசியில் கூட்டிப்போக வந்தவள் கூட்டிப்போகாமல் விட்டுவிடுகிறாள். யாரும் கெட்டவர் இல்லை. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். அவளைக் கெட்டவளாகக் காட்ட ஆயிரம் வழி இருந்தும் காட்டவில்லை.

பிடிக்காததையும் சொல்கிறேன். அத்தனை கஷ்டத்தில் ஒரு ஆச்சியோ தாத்தாவோ வந்து எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பக்கத்துவீட்டு மார்கரெட் இல்லை என்றால் அந்த மனுஷன் என்ன ஆகியிருப்பான்? நம்ம படத்தில் என்றால் இரண்டாவது ரீலிலேயே பெரியப்பாவும் சித்தப்பாவும் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கி, இருக்கிற வம்பையும் பெரிசாக்கிவிடுவார்கள். அதுவும் தொல்லைதான். ஆனால் வெறும் வீட்டைவிட அது தேவலை. உனக்கு அங்கே மார்கரெட் மாதிரி ஒரு பக்கத்துவீடு உண்டா?

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. போட்டவுடன் வரிசையாக நாலு முகம் வருமே, இப்போது மூன்றுதான் வருகிறது. ரிமோட்டில் நான் எதையாவது அமுக்கித் தொலைத்துவிட்டேனா? அப்படியானால் சொல்லு. சின்னக்குட்டியின் பேர் இருக்கிறது. ஆனால் அந்தக் கரடிப் பொம்மைப் படம் பொங்கலுக்கு எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கிறது. அதையும் நான் தொடவில்லை.

இன்னொன்று. இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் டிவி முன்னால் உட்காரும்போது உன் படம் நகர்ந்திருக்கிறது. இங்கே மத்தியானம் ஒரு மணி என்றால் அங்கே ராத்திரி மூன்றரை. அந்த நேரத்தில் முழித்திருந்து என்னத்தைப் பார்க்கிறாய்? ராத்திரி தூங்கு. தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்.

காலேஜில் படிக்கும்போது தமிழ்ப் படம் என்றாலே மூக்கைச் சுளிப்பாய். இத்தாலிக்காரன் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' பற்றிக் காலேஜ் மலரில் நீ எழுதியதை நான் இன்னும் பச்சை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தெருவில் படித்துக் காட்டாத வீடு கிடையாது. இப்போதும் சொல்கிறேன், நன்றாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் வெள்ளைக்காரன் எடுத்தால் நிஜம், நாம் எடுத்தால் நாடகம் என்று எழுதினாய் பார், அதை நான் அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே சைக்கிள் படத்தை 1950இல் லண்டனில் பார்த்துவிட்டுத்தான் சத்யஜித் ராய்க்கு நாமும் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் உறுதியானது. ஐந்து வருஷத்தில் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. நிஜம் எந்த நாட்டுக்கும் சொந்தச் சொத்து இல்லை.

நிஜம் என்றால் ரேவதியைச் சொல்ல வேண்டும். 1986இல் 'மௌன ராகம்' வந்தபோது ராஜவல்லிபுரத்து அத்தையும் நானும் சேர்ந்து போனோம். நீ வயிற்றில் இருந்தாய். அந்தக் காலத்தில் ரத்னா, பார்வதி, பூர்ணகலா என்று எந்தத் தியேட்டரையும் விடமாட்டோம். என்ன வேண்டும் என்று ஆசையாகக் கேட்ட புருஷனிடம் விவாகரத்து வேண்டும் என்று அவள் சொன்னதும் தியேட்டரே மூச்சுவிடவில்லை. அத்தை, "இவளுக்கென்ன கோட்டியா?" என்று சத்தமாகவே கேட்டாள். கடைசியில் ரயில் கிளம்பிவிடும், மோகன் ஓடிப்போய் ஏறி ரயிலை நிறுத்துவான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

அதே ரேவதி 1993இல் பாலுமகேந்திராவின் 'மறுபடியும்' படத்தில் நடித்தாள். இந்தியில் மகேஷ் பட் எடுத்த 'அர்த்' படத்தின் கதை அது. வேறொருத்தியிடம் போன புருஷன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான். முடியாது என்று சொல்லிவிடுகிறாள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வருகிற நல்லவனிடமும் வேண்டாம் என்கிறாள். தனியாகவே இருந்துகொள்கிறாள். யாரும் ரயிலை நிறுத்தவில்லை. இதற்கும் தியேட்டரில் கைதட்டினார்கள், பெண்கள் பக்கம் மட்டும். ஏழு வருஷத்தில் ஒரே முகம் இரண்டு முடிவு சொன்னது. எது சரி என்று என்னைக் கேட்டால் இரண்டும் சரி என்பேன். அந்தந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் படத்தை நான் டவுனில் பார்க்கவில்லை, அம்பையில் பார்த்தேன். நீ அங்கே கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆற்றில் குளிக்கலாம் என்று உனக்குக் கொண்டாட்டம். அம்பை ஆச்சிக்குக் காலில் அடி, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். ஆச்சிக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது எய்யா. நான்தான் உங்கப்பாவோடு இருக்க முடியாது என்று உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். எதற்கு என்று இதில் எழுதமாட்டேன், அது எங்கள் விஷயம். உங்கப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருவார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், உன்னைக் கடைக்குக் கூட்டிப்போவார், சாயங்காலம் போய்விடுவார். என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த ஞாயிறும் அதே மாதிரி. ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டது, ராத்திரி தங்கிவிட்டார். இதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

திரும்பி வந்ததுதான் சரி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வராமல் இருந்திருந்தாலும் நான் நன்றாகத்தான் இருந்திருப்பேன் என்று சில நாள் நினைப்பதுண்டு. சவத்தை விடு.

முன்பெல்லாம் ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்க வேண்டும். அதில்தான் 'அபராஜிதோ' பார்த்தேன், 1957இல் வெனிஸில் பெரிய பரிசு வாங்கிய படம். பையன் கல்கத்தாவுக்குப் படிக்கப் போய்விடுகிறான். ஒரு லீவில் வந்தவன் கல்கத்தாவுக்குத் திரும்ப ஸ்டேஷன் வரைக்கும் போகிறான், ரயில் வந்து நிற்கிறது, ஏறாமல் வீட்டுக்கு வந்து ரயிலை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்மாக்காரி சொன்ன பொய்தான் பிடிக்காது. அவளுக்கு உடம்பு முடியவில்லை. பரீட்சை கெட்டுவிடும் என்று மகனுக்குச் சொல்லாமலே மறைக்கிறாள். அவன் வந்து சேரும்போது அவள் இல்லை. இதைத் தியாகம் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். என்ன தியாகம்? அந்தப் பையன் மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பான் என்று அவள் யோசித்தாளா? பாசத்தில் மறைத்தாலும் மறைத்தது மறைத்ததுதான். இது அம்மாக்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

நீயும் நம்ம படங்களை நிறையப் பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதில் அம்மா என்றால் தையல் மெஷின், இருமல், கெட்ட செய்தி வந்தால் கையில் இருக்கிற தட்டைக் கீழே போட்டு மயங்கி விழுவது. பண்டரிபாய் பாவம், எத்தனை தட்டு போட்டிருப்பார்! அதற்காக மகன்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள். 'மனோகரா'வில் 'பொறுத்தது போதும், பொங்கி எழு' என்ற கண்ணாம்பாவும் அம்மாதானே? எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தட்டெல்லாம் எவர்சில்வர், விழுந்தாலும் உடையாது.

'பாபநாசம்' படத்தில் சுயம்புலிங்கம் சினிமா பார்த்தே போலீஸுக்குத் தண்ணி காட்டுவான். கமல் பேசின நம்ம ஊர்ப் பேச்சில் அங்கங்கே இழுவை கொஞ்சம் அதிகம் என்று அத்தை இன்னும் குறை சொல்கிறாள், எனக்குத் திருப்திதான். நானும் சினிமா பார்த்து வளர்ந்தவள், அதை மட்டும் நீ மறந்துவிடாதே.

மறுவீட்டுப் பந்தியில் அவள் சொதியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்கு மறக்காது. இங்கே எது எப்படி ஆனாலும், அவள் கேட்டால் தேங்காய்ப்பால் எடுத்து, பாசிப்பருப்பு வேகவைத்து, இஞ்சிச்சாறு விட்டுச் செய்து தருவேன். இதை அவளிடம் சொல்ல முடிந்தால் சொல்லு. சின்னக்குட்டி எங்கே இருந்தாலும் வாரத்தில் ஒருநாள் ஆச்சியோடு பேச வேண்டும், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பேறுகாலத்துக்கு வந்தபோது வாங்கிய பத்து வருஷ விசா இன்னும் முடியவில்லை. திருவனந்தபுரத்தில் ஏறிவிட்டால் மறுநாள் அங்கே இறங்கிவிடலாம். தனியாக வரத் தெரியும். குளிர் கோட்டு பீரோவில் இருக்கிறது.

சாப்பிடு. வெளிச் சாப்பாடு வேண்டாம். ராத்திரி தூங்கு என்று முன்னாலேயே எழுதிவிட்டேன், இருந்தாலும் தூங்கு.

உங்கப்பா சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போனால் எட்டுக்குத்தான் வருவார். உனக்கு அப்போது காலை எட்டரை. அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. அம்பை விஷயத்தை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே. அவர் இன்றைக்கும் அதை ஆச்சி கால் விஷயம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மா