அடுத்த கல்யாண மண்டபத்துக்கு முன்: புலம்பெயர் முதலீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்து யாழ்ப்பாணத்தில் முதலிட எண்ணியிருக்கும் உறவுகளுக்கு,

வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது உங்களில் பலர் ஒரு காணியைப் பார்க்கிறீர்கள், ஒரு தரகரைச் சந்திக்கிறீர்கள், ஊர் எப்படி மாறிவிட்டது என்று வியக்கிறீர்கள். மாறித்தான் இருக்கிறது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. சென்னைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றுபோய், 2024 ஓகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6 கோடியே 15 இலட்சம் டொலரை நன்கொடையாகத் தர இந்தியா இணங்கியிருக்கிறது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் மூன்றிலும் கைத்தொழில் வலயங்கள் அமைப்போம் என்று அரசு சொல்லிவருகிறது.

இவற்றைக் காட்டி உங்களிடம் பணம் கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. எதில் போடுவது என்று கேட்கும்போதுதான் அவர்களுக்குக் கற்பனை வற்றிவிடுகிறது. ஹோட்டல், கல்யாண மண்டபம், கடைத்தொகுதி. முகூர்த்தமில்லாத மாதங்களில் அந்த மண்டபங்களின் வாசலில் ஒரு சைக்கிள்கூட நிற்பதில்லை. அதைத் தரகர் சொல்லமாட்டார்.

கூட்டுறவுத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன் நான். சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியே காலம் போனது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இங்கே விளைவதையும் பிடிபடுவதையும் தரம்பிரித்து, குளிரில் வைத்து, பதப்படுத்தி, பெட்டியில் அடைத்து, சொன்ன நாளில் அனுப்பும் வேலையைச் செய்ய ஆள் போதாது. உங்கள் பணத்துக்கு அதுதான் இடம்.

முதலில் தோட்டத்தைப் பாருங்கள். ஆறில்லாத குடாநாடு இது. மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர, மிச்சமெல்லாம் கிணறு. அந்தக் கிணற்று நீரை வைத்து உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், இணுவில் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, பீற்றூட், வாழை, திராட்சை என்று சுழற்சியாகப் பயிர் செய்கிறார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நாலைந்து பரப்பில் ஒரு குடும்பத்தை நடத்தும் தோட்டக்காரர் இங்கே அதிசயமில்லை. சிறு நிலத்தில் இவ்வளவு கவனமாகப் பயிர்செய்யத் தெரிந்தவர்களை இந்தத் தீவில் வேறெங்கும் எளிதில் காணமுடியாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் விற்றுத்தான் இவர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977இல் கதவு திறந்ததும் விலை விழுந்தது. இன்றும் கொழும்பில் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அதன் அடி விழுகிறது.

அந்தச் சந்தையில் நடப்பது இது. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று தள்ளிவிட்டு மீதிக்கு மட்டும் காசு கொடுக்கும் வழக்கம் எங்கள் சந்தைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அதிகாரிகள் தடை விதிப்பார்கள், சில நாள் அடங்கும், மறுபடி தலைதூக்கும். வியாபாரிகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. சாக்கில் அமுக்கிக் கட்டிய கத்தரிக்காய் ஏ9 வீதி வழியாக ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் லொறியில் குலுங்கிக் கொழும்பு போய்ச் சேரும்போது ஒரு பங்கு நசுங்கித்தான் இருக்கும். அந்த நட்டத்தை யாரோ ஏற்கவேண்டும். சங்கிலியில் குரல் குறைந்தவர் தோட்டக்காரர், ஆகவே அவர் ஏற்கிறார். பிளாஸ்டிக் கூடையும் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தரம்பிரிக்கும் கொட்டகையும் குளிர் லொறியும் இருந்தால் கழிவு கேட்க முகாந்திரமே இராது. இதை ஏழைக்கு உதவி என்று நினைக்காதீர்கள். அந்தப் பத்துக் கிலோவை மீட்டு, தோட்டக்காரருக்குப் பாதியைக் கொடுத்தாலும், மீதி உங்கள் வருமானம்.

கட்டடம் கட்டினால் மட்டும் இது நடந்துவிடாது என்பதற்கு மட்டுவில் சாட்சி. அங்கே பொருளாதார மத்திய நிலையம் 2022 மார்ச்சில் ஆரவாரமாகத் திறக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலம் வெறிச்சோடிக் கிடந்தது. தோட்டம் குடாநாட்டின் வடமேற்கே வலிகாமத்தில், வாடிக்கையாளர் அதே பக்கத்தில் சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும், நிலையமோ தென்கிழக்கே தென்மராட்சியில். வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும்.

பனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் என்றதும் எல்லோருக்கும் கண் கலங்கிவிடும். கலங்குபவர்கள் எத்தனை பேர் அந்த ஒடியல் மாவை வாங்கினீர்கள், எந்தக் கடையில், யார் பொதிசெய்தது என்று பார்த்தீர்களா? பனங்கட்டியைக் குட்டான் என்ற சிறு ஓலைப்பெட்டியில் இட்டு விற்கும் அழகு இங்கே இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியும் ஒரே ஈரப்பதத்தில், ஆய்வுக்கூடச் சான்றிதழோடு, ஆண்டு முழுவதும் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி தரும் ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியது, கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அறிவுக்குக் குறையில்லை. கருப்பநீர் என்ற பதநீரை இறக்க மரமேறும் ஆட்கள்தாம் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்தத் தொழிலைச் செய்தவர்களை எங்கள் சமூகம் நடத்திய விதத்தில், அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதில் குறை காண யாருக்கும் வாய் இல்லை. நல்ல சம்பளம், விபத்துக் காப்புறுதி, பாதுகாப்பான ஏறுகருவி மூன்றையும் தரமுடியாதவர் பனையில் முதலிடவேண்டாம்.

கடல் இன்னும் பெரிய சொத்து. நீல நண்டும் இறாலும் கடலட்டையும் ஏற்கெனவே கடல்கடந்து போகின்றன. குருநகரிலும் நாவாந்துறையிலும் விலையைச் சொல்பவர் பெரும்பாலும் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்த முதலாளி. ஐஸ், நியாயமான வட்டிக் கடன், நேரடிக் கொள்வனவு மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தால் அந்த முடிச்சு தளரும். ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எல்லைதாண்டி வரும் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் இன்றும் எங்கள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. பிடிபாட்டை நிச்சயமாக எடுத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். கடலட்டைப் பண்ணைக்கு இறங்குபவர்கள், ஆழமில்லாத களக்கடலில் வீச்சுவலையோடு பிழைக்கும் சிறு மீனவரிடம் முதலில் பேசுங்கள். அந்தக் கடலும் யாரோ ஒருவரின் தோட்டம்தான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சுண்ணாம்புக்கல்லில் கை வைக்காதீர்கள். 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை நினைத்து ஏங்குபவர்கள் இங்கேயும் அங்கேயும் இருக்கிறார்கள். அது பலருக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. குடாநாட்டின் குடிநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்தான் தங்கியிருக்கிறது. தோண்டினால் உவர் ஏறும். ஏற்கெனவே உரத்தின் நைத்திரேற்று கிணறுகளில் இறங்கியிருக்கிறது. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கலந்த கிணறுகளை நீங்களே செய்தியில் பார்த்தீர்கள். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதே இந்த நெருக்கடியால்தான். தண்ணீரை அதிகம் குடிக்கும் எந்தத் தொழிலும் எங்களுக்கு வேண்டாம்.

இனிச் சட்டம். உறவினர் பெயரில் காணி வாங்கிப்போடும் பழக்கத்தை விடுங்கள். இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் வேற்றுநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவருக்குக் காணியை அறுதியாக எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் அப்படியே. குத்தகைக்கு வழி உண்டு. மச்சான் பெயரில் எழுதி, பிறகு மச்சானோடு கோட்டுக்கு அலைபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை வேறு இருக்கிறது. பங்குடைமைக் காணியில் ஒருவர் தன் பங்கை விற்றால், மற்றப் பங்காளிகளுக்கு முன்னுரிமை. திருமணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இதனால் நல்ல கையிருப்பும் நல்ல கணக்கும் உள்ள பெண்கள் வங்கியில் கடன் கேட்கும்போது முடங்கிப்போகிறார்கள். இங்கே உணவு பதனிடும் சிறு தொழில்களில் கணிசமானவற்றை நடத்துவது பெண்கள். அவர்களுக்குக் காணியை ஈடு கேட்காத மூலதனம் தேவை. பங்குப்பணமாக வாருங்கள், கடன்காரராக வரவேண்டாம். நுண்கடன் என்ற பெயரில் வந்தவர்கள் செய்துவிட்டுப் போனது போதும்.

தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சுருக்கமாக: யாழ் ஐடி ஹப் போன்ற தன்னார்வ முயற்சிகள் ஒரு தலைமுறையைத் தயார்செய்துவிட்டன, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலிருந்து பொறியியலாளர்கள் வெளிவருகிறார்கள். அங்கே நீங்கள் கொடுக்கவேண்டியது வாடிக்கையாளரை. கட்டடம் அவர்களுக்குத் தேவையில்லை.

ஏற்றுமதி எங்களுக்குப் புதிதென்று யாரும் பாடம் எடுக்கவேண்டாம். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. இன்றைக்குப் பலாலிக்கு வருவது சிறிய விமானம், நாகபட்டினத்துக்குப் போவது பயணிகள் கப்பல். சரக்கு கொழும்பு வழியாகவே போகிறது. காங்கேசன்துறையிலிருந்து குளிர்ப்பெட்டி ஏற்றும் நாள் வந்தால் கணக்கு மாறும். அதற்கு அரசிடம் குரல் கொடுக்க உங்களுக்கு எங்களைவிடச் செல்வாக்கு அதிகம். தூதரகத்தில் எங்கள் கடிதத்தை யார் வாசிப்பார்?

நடத்தும் முறையைப் பற்றி என் பக்கச்சார்பை மறைக்கவில்லை. அரங்கேற்றம் பார்க்க நீங்கள் போகும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவுத் தலைவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவாகவே வைத்தியசாலை நடத்தியவர்கள். பல சங்கங்கள் இன்று மெலிந்துபோயிருக்கின்றன. சில சங்கங்களில் அரசியல் புகுந்து கெடுத்தது. ஆனாலும் தோட்டக்காரரும் மீனவரும் பங்குதாரராக இல்லாத கம்பனி, சந்தையில் வேறொருவர் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கும் நாளில் மரக்கறியின்றி நிற்கும். பாதிப் பங்கு அவர்களின் சங்கத்துக்கு, பாதி உங்களுக்கு என்று தொடங்குங்கள்.

வருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்த் தமிழ்க் கடையில் இருக்கும் ஒடியல் மா, மிளகாய்த் தூள், பனங்கட்டி, உறைந்த நண்டு ஒவ்வொன்றின் விலை, எடை, பொதிசெய்த நாடு, சான்றிதழ் முத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள். அந்தத் தாள் இங்கே எவரிடமும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் சுன்னாகம் சந்தைக்குப் போய் விலை கேளுங்கள். இடைவெளி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். சங்கத்தின் ஐந்தொகையை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கை, படித்து விளக்க ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். கட்டணம் வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு உத்தியோகத்தர் ஒருவர்,
உரும்பிராய்