கேசட்டும் கட்டணமில்லா உரிமமும்

ஆசிரியருக்கு,

2021இல் தமது 94ஆம் வயதில் மறைந்த, பிலிப்ஸ் நிறுவனத்தில் ஒலிநாடாக் கேசட்டை உருவாக்கிய நெதர்லாந்துப் பொறியாளர் லூ ஒட்டன்ஸ் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒலிப்பதிவுக் கருவி கோட்டுப் பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, முதலில் அந்த அளவில் ஒரு மரக்கட்டையை வைத்து அவர் திட்டமிட்டதையும், 1963இல் பெர்லின் கண்காட்சியில் கேசட் அறிமுகமானதையும் விரிவாகச் சொல்லும் கட்டுரை, பிலிப்ஸ் நிறுவனம் அதன் உரிமத்தைப் பிற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றி வழங்கியதைக் குறிப்பிடாதது குறையே. எந்த நிறுவனத்தின் கேசட்டும் எந்த நிறுவனத்தின் கருவியிலும் ஓடியதற்கும், சாமானியர் வீட்டிலும் ஒலிப்பதிவு நுழைந்ததற்கும், பொறியியல் திறனைவிட (அது சிறிதன்று) அந்த முடிவே பெருங்காரணம் என்பது என் கருத்து.

எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், வளைகுடாவில் வேலை பார்த்த அண்ணனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசியே அனுப்பினார். திரும்பி வந்த அவற்றில் சில இன்று பூஞ்சை படர்ந்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு என்பதால், வீட்டுக் கேசட்டுகளைக் குறைந்த கட்டணத்தில் எண்மமாக்கித் (டிஜிட்டல் கோப்புகளாக மாற்றித்) தரும் வசதியை மாவட்ட மைய நூலகங்களில் ஏற்படுத்த நூலகத் துறை முன்வர வேண்டும்.