கிளாரிந்தா அம்மையாரின் கதையை எழுதத் துணைநின்றவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

பாளையங்கோட்டையின் கிளாரிந்தா அம்மையாரைப் பற்றி நான் எழுதிய வரலாற்று நாவல் அச்சுக்குப் போய்விட்டது. அதற்குத் துணைநின்றவர்களில் பலர் நூலில் தங்கள் பெயர் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அந்த விருப்பத்தை மதித்து எவர் பெயரையும் குறிப்பிடாமல், ஆனால் நீங்கள் செய்த உதவி இன்னதென்று மற்றவர்களும் அறியும்படி இம்மடலை எழுதுகிறேன்.

கதையின் எலும்புக்கூட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண்ணொருத்தி இளமையிலேயே கணவனை இழந்தாள். உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அவரோடு வாழ்ந்த காலத்தில் அவரிடமிருந்தே ஆங்கிலத்தையும் கிறிஸ்தவ போதனைகளையும் கற்று, ஞானஸ்நானம் கேட்டாள். ஜெர்மானிய லுத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்தார். திருமணமின்றி ஒருவரோடு வாழ்பவளுக்குத் தர இயலாது என்றார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது சுவார்ட்ஸ் ஐயரே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருக்கும் 40 பேரில் முதற்பெயர் கிளாரிந்தா. 1785இல் கிளாரிந்தாவின் முயற்சியால் எழுந்த ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கிறார்கள்.

காதல் கதையாக இதை எழுத முனைபவருக்கு இரண்டு எளிய வழிகள் காத்திருக்கின்றன. அதிகாரியோடு வாழ்ந்த வாழ்வைச் சேறாகவும் ஞானஸ்நானத்தை அதைக் கழுவிய நீராகவும் காட்டிவிடலாம். அல்லது காதலைத் தூயதாக்கி, மறுத்த ஐயரைக் கல்நெஞ்சராக்கிவிடலாம். முதல் வழியில் மீட்பு மலிவாகிப் போகிறது, இரண்டாவதில் மீட்புக்குத் தேவையே இல்லாமல் போகிறது. தனக்கு வேதத்தைக் கற்பித்த மனிதரோடு வாழ்ந்த வாழ்வே தான் வேண்டிய திருமுழுக்குக்குத் தடையாக நிற்பதை அந்தப் பெண் எப்படித் தாங்கினாள் என்பதுதான் இந்நாவலின் உயிர். அதை விட்டுவிடாமல் நான் பிடித்துக்கொண்டிருக்க உதவியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, இம்மடலைப் படிக்க இயலாத ஒருவருக்கு உரியது. 1872இல் திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா, கிளாரிந்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1915இல் வெளிவந்தது. மதம் மாறாத ஒரு பிராமணர், மதம் மாறிய ஒரு பிராமண விதவையை இழிவுபடுத்தாமலும், அவள் விசுவாசத்தை விளக்கித் தள்ளிவிடாமலும் எழுதினார் என்பது, இன்றைய பிளவுகளுக்கிடையே நினைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரும் ஆறுதலாக இருக்கிறது. அவர் நடந்த பாதையில் நான் நடக்கவில்லை, ஆனால் அப்பாதை இல்லாதிருந்தால் இக்கதைக்குள் நுழையும் துணிவு எனக்கு வந்திராது.

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் என் படியைப் பக்கம் பக்கமாகப் படித்தார். கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் ஆரம்பகால வரலாற்றை என்னோடு சேர்ந்து வாசித்து, ஆவணம் எங்கே நிற்கிறது, செவிவழிச் செய்தி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டினார். அவர் எந்தக் காட்சியையும் நீக்கச் சொல்லவில்லை. கற்பனை செய்ய நாவலாசிரியருக்கு உரிமை உண்டு, பதிவேட்டில் இருப்பதை மாற்றத்தான் உரிமை இல்லை என்பது அவருடைய கொள்கை. நம் கையிலிருக்கும் வேதாகம மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது என்பதால், 1778இல் வாழ்ந்தவள் வாயில் அதன் வாக்கியங்களை வைக்கக்கூடாதென்று சொல்லி, 1772இல் வேப்பேரியில் அச்சான, ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பக்கம் என்னைத் திருப்பியவரும் அவரே.

தஞ்சாவூரில் இன்றும் வீட்டில் மராட்டி பேசும் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர், தாலியறுத்த பெண்ணின் நாள் எப்படி விடியும், எந்தப் பாத்திரத்தைத் தொடலாம், எந்த வாசல் வழியே வெளியே வரலாம் என்பதையெல்லாம் தம் பாட்டி சொல்லக் கேட்டபடி எடுத்துரைத்தார். நூலின் முதல் மூன்று அத்தியாயங்கள் அவருடைய நினைவாற்றலுக்கு நான் பட்ட கடன்.

தரங்கம்பாடி லுத்தரன் மரபில் வந்த முதிய குருவானவர் ஒருவருக்கு நான் சொல்லவேண்டிய நன்றி நீளமானது. சுவார்ட்ஸ் ஐயரை என்னால் நேசிக்க முடியவில்லை என்று நான் சொன்னபோது அவர் வாதாடவில்லை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்து, 1798இல் தஞ்சாவூரில் கண்மூடும்வரை தாய்நாடு திரும்பாத, மணம் செய்துகொள்ளாத ஒரு மனிதர் அந்த மறுப்பைச் சொல்லிவிட்டு அன்றிரவு எப்படி ஜெபித்திருப்பார் என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியிலிருந்து ஒரு முழு அத்தியாயம் பிறந்தது. ஒழுங்கைக் காப்பதும் ஓர் ஆத்துமாவைக் காத்திருக்க வைப்பதும் ஒரே செயலாக அமைந்துவிட்ட மனிதரின் வேதனை அதில் இருக்கிறது. மீட்பு சபையின் கையிலிருந்து வருவதன்று, அதற்குச் சாட்சி சொல்லும் பொறுப்பே சபையின் கையில் இருக்கிறது என்று அவர் விளக்கியதை நான் நாவலில் எவர் வாயிலும் வைக்கவில்லை. ஆயினும் ஞானஸ்நானக் காட்சி முழுவதும் அந்த எண்ணத்தின்மீதே நிற்கிறது.

பாளையங்கோட்டையில் பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர் எனக்கு ஆலயத்தைச் சுற்றிக் காட்டினார். "அவுக அந்த தொரைய நேசிச்சத ஒளிச்சு எழுதாதிய. கர்த்தர்கிட்ட ஒண்ணையும் ஒளிக்காமத்தான அவுக வந்தாக" என்றார். சமாரியப் பெண்ணைப் பற்றி யோவான் எழுதியதை என்னைத் திரும்பப் படிக்க வைத்தது அவ்வார்த்தை. கணவனல்லாதவனோடு வாழ்பவள் என்று அறிந்தும் இயேசு அவளோடு நீண்டநேரம் பேசுகிறார். அவளும் ஊருக்குள் ஓடி, தான் செய்ததையெல்லாம் சொன்ன ஒருவரை வந்து பாருங்கள் என்கிறாள். மறுக்கப்பட்ட ஆண்டுகளில் கிளாரிந்தா திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதியாக இதையே வைத்தேன். அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

என் பதிப்பாசிரியர் பொறுமையோடும் கண்டிப்போடும் படித்தார். லிட்டில்டனின் மரணப் படுக்கையில் ஓர் உணர்ச்சிகரமான மனமாற்றம் இருந்தால் வாசகர்கள் விரும்புவார்கள் என்று சிலர் சொன்னபோது, அதற்கு ஆதாரமும் இல்லை, கதைக்கு அவசியமும் இல்லை என்று என்னோடு உறுதியாக நின்றார். அந்த அதிகாரி தாம் கற்பித்த வேதத்தைத் தாமே முழுதாகக் கைக்கொள்ளாமல் இறக்கிறார். அவரிடம் கற்றவள் அதைக் கைக்கொள்கிறாள்.

இறுதியாக ஒரு தோழிக்கு. முறைப்படி மணம் முடிக்க இயலாத சூழலில் வாழ்ந்த காரணத்தால் தன் சபையில் நீண்டகாலம் திருவிருந்திலிருந்து (நற்கருணையிலிருந்து) விலக்கப்பட்டவள் அவள். கையெழுத்துப்படியை அவளிடம் கொடுக்கத் தயங்கினேன். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். படித்துவிட்டு, கிளாரிந்தா ஐயரை மன்னிக்கும் இடம் மிகச் சீக்கிரம் வருகிறது, இன்னும் கோபப்பட அவளுக்கு நேரம் கொடு என்றாள். கோபத்தோடும் ஒருத்தி ஜெபிக்கலாம் என்பதை எனக்கு அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. அவள் சொன்னபடியே இரண்டு அத்தியாயங்களை விரித்து எழுதினேன். அவற்றை அச்சுக்கு முன் அவளே படித்து, போதும் என்று சொன்ன பிறகே படியைப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நூலை அவளுக்கே படைத்திருக்கிறேன். அவள் அனுமதியோடு, பெயரில்லாமல்.

உங்கள் அனைவருக்கும் நூல் வெளிவந்தவுடன் பிரதிகள் வந்து சேரும். பெண்கள் சங்கத்து அம்மா கேட்டுக்கொண்டபடி, எழுத்து பெரிதாக அச்சிட்ட படியொன்று அவருக்குத் தனியே வருகிறது.

கர்த்தரின் கிருபை உங்களோடு இருப்பதாக.

நன்றியுடனும் அன்புடனும்,
நூலாசிரியர்