சார்ஜரில் ஒரு குமிழ் வையுங்கள்

மின் பாராமோட்டார்களுக்கு பேட்டரியும் சார்ஜரும் செய்கிறவர்களுக்கு,

வணக்கம். பாராசூட் போன்ற விதானத்தின் கீழே முதுகில் சுமந்து பறக்கிற இந்த மின் மோட்டார்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோக வேண்டாம், கார்புரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம், சட்டையில் பெட்ரோல் வாடையும் இல்லை. குறை தரையிறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. பறப்பதற்கு நல்ல இடங்களில் பிளக் பாயின்ட் இருப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். பேட்டரி 3 யூனிட், அதாவது 3 கிலோவாட் மணி. ஏறாமல் இறங்காமல் பறக்கவே 5 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கலாம். அப்புறம் கூடாரத்துக்குத் திரும்பி 400 வாட் சோலார் பேனலை விரிக்கிறோம். சூடு, தூசு, சாய்வு எல்லாம் போக 300 வாட் வந்தால் நல்ல நாள். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் ஒன்றரை யூனிட்.

அதுவும் முழுதாக பேட்டரிக்குப் போய்ச் சேர்வதில்லை. பேனல் தருவது டிசி, அதாவது நேர் மின்னோட்டம். பேட்டரிக்கு வேண்டியதும் டிசி. நடுவில் உங்கள் சார்ஜர் வீட்டு பிளக்கில் வருகிற ஏசி, அதாவது மாறு மின்னோட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. அதற்காக பவர் ஸ்டேஷன் எனும் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டியில் மின்சாரத்தைச் சேர்த்து, இன்வெர்ட்டரில் ஏசியாக்கி, மறுபடி சார்ஜரில் டிசியாக்குகிறோம். இன்வெர்ட்டரும் சார்ஜரும் தங்கள் பங்குக்கு ஆளுக்குப் பத்து சதவீதம் போலச் சூடாக்கி வீணடித்துவிடுகின்றன.

இத்தனைக்கும் எங்கள் நாள் வெயிலுக்கென்றே அமைந்தது. காற்று அடங்கியிருக்கும் காலையிலும் மாலையிலும்தான் பறப்போம். நண்பகலில் வெப்பக்காற்று எழும்பி விதானத்தை உலுக்கும் என்பதால் நிழலில் படுத்துக் கிடப்போம். பேனல் முழு வேகத்தில் உழைப்பது அப்போதுதான். ஆறு மணி நேரம் மெதுவாக ஏறினாலும் எங்களுக்கு அவசரமே இல்லை. உங்கள் சார்ஜருக்குத்தான் அவசரம். போட்டதும் 1800 வாட் கேட்கிறது, 1000 வாட் இன்வெர்ட்டர் கையை விரித்துவிடுகிறது. 300 வாட் வரை குறைத்துக்கொள்ள ஒரு குமிழ் வைக்கக் கூடாதா?

காரிலிருந்து எடுக்கலாமே என்பீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட் 120 வாட்தான் தரும். முழு பேட்டரிக்கு ஒரு நாளே போய்விடும். 3.6 கிலோவாட் வெளியே தரும் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்களுக்கு ஜெனரேட்டர். சின்ன ஜெனரேட்டர் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றரை யூனிட் தந்தாலும் ஒரு சார்ஜுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஆகும். அதே பெட்ரோலை ஊற்றினால் பழைய பாராமோட்டாரே அரை மணி பறந்திருக்கும். இந்த வேடிக்கைக்கா மாறினோம்?

பொறுமையிழந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சோலார் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி நேராக பேட்டரியில் மாட்டிவிடுகிறார்கள். 14 செல் வரிசைக்கு 58.8 வோல்ட், 24 செல்லுக்கு 100.8 வோல்ட், அதற்கு மேல் போகக் கூடாது. அமைப்பில் ஓர் எண் தவறினால் காப்பாற்ற மிஞ்சுவது பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் காவல் சுற்று மட்டுமே. அது கடைசி வேலி, தினமும் சாய்ந்துகொள்கிற சுவர் இல்லை. உத்தரவாதம் செல்லாது என்று கையேட்டில் ஒரு வரி எழுதினால் இது நிற்காது. பேனலை நேராகச் செருக, பிஎம்எஸ்ஸோடு பேசுகிற டிசி வழி ஒன்றை நீங்களே கொடுத்தால் நிற்கும்.

இன்னொன்று, செல்லின் வெப்பநிலையைத் திரையில் காட்டுங்கள். இறங்கியதும் சூடாக இருக்கும் பேட்டரியை எப்போது செருகலாம் என்று இப்போது உள்ளங்கையை வைத்துத்தான் பார்க்கிறோம். உறைபனிக் காலையில் அதுவும் உதவாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது.

முடிந்தால் 3 யூனிட்டை ஒரே பெட்டியில் அடைக்காமல் இரண்டாகப் பிரித்தும் விற்றுப் பாருங்கள். ஒன்றைச் சுமந்து குட்டியாக ஒரு சுற்றுப் பறக்கும்போது மற்றது வெயிலில் ஏறிக்கொண்டிருக்கும்.

புது மாடலில்தான் இதெல்லாம் முடியும் என்றால் சரி, காத்திருக்கிறோம். பேனலை நேராகச் செருகும் அந்த டிசி வழியை மட்டுமாவது ஒரு பெட்டியாகத் தனியாக விற்றால், பழைய பேட்டரி வைத்திருக்கும் நாங்களும் வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
மணிக்கொரு தரம் எழுந்து பேனலை வெயில் பக்கம் திருப்பி வைக்கும் ஒருவன்