ஆட்சிக்கு ஓட்டெடுத்தீர்கள், ஒப்பந்தத்துக்கு எடுத்தீர்களா?

மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அணுசக்திப் பேச்சுவார்த்தை என்றால் அது டெல்லி விவகாரம், நம்மூர் மேடையில் பேசினால் ஓட்டு விழாது என்று உங்களில் பலர் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். அந்தப் பேச்சுவார்த்தையை இழுப்பதும் முடிப்பதும் ஓட்டுக் கணக்குதான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

2008 ஜூலை 22. இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொள்ள, மன்மோகன் சிங் நம்பிக்கை வாக்கு கோரினார். சிம்மக்கல் டீக்கடை டிவியில் அன்று கூட்டம் பார்த்தது, ஓட்டை வாங்கத் தந்த லஞ்சம் என்று சொல்லி மக்களவைக்குள் கட்டுக்கட்டாகத் தூக்கிக் காட்டப்பட்ட ரூபாய் நோட்டைத்தான். 'எவன் குடுத்தான், எவன் வாங்குனான்' என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை. 275-க்கு 256 என்று அரசு பிழைத்தது. மதுரை உறுப்பினர் பொ. மோகனின் மார்க்சிஸ்ட் கட்சி எதிரணியில், சிவகங்கையின் ப. சிதம்பரம் நிதியமைச்சராக ஆளும் வரிசையில். இருதரப்பும் ஓட்டுப் போட்டது ஆட்சி இருக்கட்டுமா, போகட்டுமா என்பதற்கு. உடன்பாட்டின் வாசகத்துக்கு நம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது.

அமெரிக்காவிலோ அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று செனட் 86-க்கு 13 என்று ஓட்டெடுத்துத்தான் அதை நிறைவேற்றியது. அதற்கும் முன்பே, 2006-இல், ஹைட் சட்டம் போட்டு, இந்தியா மறுபடி அணுகுண்டு சோதனை நடத்தினால் அணு வணிகச் சலுகை ரத்து என்று எழுதி வைத்துவிட்டார்கள். 'எங்கள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இதற்கு மேல் விடாது' என்று சட்டத்தைக் காட்டி அவர்கள் பேரம் பேசலாம். நம் அதிகாரி எதைக் காட்டுவார்? கூட்டணி கவிழ்ந்துவிடும் என்பதையா? அதைக் கேட்டு எதிராளி இரக்கப்படலாம், இறங்கிவர மாட்டான்.

இந்தக் கவிழ்ப்பில் தமிழ்நாட்டுக்கும் பழைய பங்குண்டு. பொக்ரான் சோதனைக்குப் பிறகு, அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கை குறித்து நம் தரப்பில் ஜஸ்வந்த் சிங்கும் அமெரிக்கத் தரப்பில் ஸ்ட்ரோப் டால்பாட்டும் சுற்றுச் சுற்றாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கியது. ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு விழுந்தது. அந்த அக்டோபரில் அமெரிக்க செனட்டே அந்த உடன்படிக்கையை நிராகரித்தது வேறு கதை.

கூடங்குளம் இன்னும் பக்கம். சோவியத் யூனியனோடு 1988-இல் கையெழுத்தான அணுமின் நிலையத் திட்டம். மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று 2011 செப்டம்பரில் தீர்மானம் போட்டது மாநில அமைச்சரவை. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். ஓட்டுப் பதிவு முடிந்த மறுநாளே அதே அமைச்சரவை திறக்கச் சொல்லிவிட்டது. அச்சம் ஒரே ராத்திரியில் தீர்ந்ததாக்கும்!

வாசகம் அவைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2010 அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் சாட்சி. போபால் விஷவாயு வழக்குத் தீர்ப்பின் கோபம் ஆறாத நேரம். விபத்துக்குக் காரணம் பழுதான கருவி என்றால் விற்ற கம்பெனியிடமும் பணம் கேட்கலாம் என்றிருந்த அன்றைய 17-ஆவது பிரிவு, எதிர்க்கட்சிகள் விடாப்பிடியாக நின்றதால் அந்த வடிவம் பெற்றது. வெளிநாட்டுக் கம்பெனிகள் முகம் சுளித்தன. சுளிக்கட்டுமே.

ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்ற அரசியலமைப்பின் 253-ஆவது பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் கையெழுத்துக்கு முன் உங்களைக் கேட்டாக வேண்டும் என்று எங்கும் இல்லை. அணுசக்தி ஒப்பந்தம் எதுவானாலும் இரு அவைகளின் ஒப்புதல் பெற்ற பிறகே செல்லும் என்று, அமைச்சரல்லாத உறுப்பினரும் கொண்டுவரக்கூடிய தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென்றே நேரம் இருக்கிறது. அவை பாதி காலியாகக் கிடக்கும், தெரியும். குறிப்பேட்டில் ஏறினால் போதும். உங்கள் ஆறு பேரில் யார் கொண்டுவருவது என்பதை அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே தொகுதியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாக்காளர் ஒருவர்