வேறெங்கும் கிளைகள் கிடையாது

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள அமுதாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தியின் போட்டோவைப் பூஜை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன். உன் மூக்கு அப்படியே இறங்கியிருக்கிறது. கால் முட்டி வலி எப்படி இருக்கிறது? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? இங்கே எல்லோரும் நலம்.

"ரீல் போடும் பொண்ணு ஒருத்தி நம்ம சுங்குடிப் புடவைக் கடைக்கு ஒரு வீடியோ போட 40,000 கேட்கிறாள், மருமகள் கொடுத்துவிடலாம் என்கிறாள், நீ விளம்பரம், மக்கள் தொடர்பு என்று முப்பது வருஷம் ஓட்டியவள், கொடுக்கலாமா வேண்டாமா சொல்" என்று எழுதியிருந்தாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் சிவதாபுரத்தில் எனக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறையில் ஒரு பிரச்சினை வந்துவிட்டது. பத்து நாள் அங்கேயே போய்விட்டது. அதைச் சொன்னாலே உன் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்காதே. கணவன், மனைவி, நாலு ஆட்கள். ஒருவர் கம்பி இழுத்து வளையம் வெட்டுவார், ஒருவர் பற்றவைப்பார், முத்து கோத்துத் திருகாணி வைப்பது இன்னொருவர், மெருகு போடுவது இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டில். முன்பெல்லாம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி கொடுக்கும் வெள்ளியை வேலை செய்து கொடுத்துக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக அந்த அம்மாவே போனில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு நேராக விற்கிறார். எத்தனை கிராம், எத்தனை டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி எவ்வளவு என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எழுதிவிடுவார். நான் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் சாமர்த்தியம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெண் போன் செய்திருக்கிறாள். "அக்கா, பணம் போட்டு பன்னிரண்டு நாள் ஆச்சு, கொலுசு இன்னும் வரலியே." இவர் நோட்டைப் புரட்டினால் அப்படி ஓர் ஆர்டரே இல்லை. அந்தப் பெண் அனுப்பிய பக்கத்தைத் திறந்து பார்த்தால் பட்டறைப் பெயர் அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். படங்கள் எல்லாம் இவருடையவை. கொலுசைப் பிடித்திருக்கும் கை இவர் கை. கட்டைவிரலுக்குக் கீழே பற்றவைக்கும்போது சுட்ட தழும்பு கூடத் தெரிகிறது. மேலே "தீபாவளி ஆஃபர், பாதி விலை" என்று பட்டை. கீழே யாரோ ஒருவனுடைய போன் நம்பர். அவள் அனுப்பியது 4,500 ரூபாய். விசாரித்தால் அவளோடு சேர்த்து ஆறு பேர்.

வெள்ளி விலை தாறுமாறாக ஏறியிருந்த நேரம் அது. பாதி விலைக்குக் கொலுசு விற்க எந்தப் பட்டறையாலும் முடியாது, வெள்ளிக்கே கட்டாது. தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு நொடியில் தெரியும். வாங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? மகளுக்குத் தீபாவளிக்குக் கொலுசு போட வேண்டும் என்று சேர்த்து வைத்த பணம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவின் வீட்டுக்காரர் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம பேரு கெட்டுப் போயிடும்மா. யாருகிட்டயும் சொல்ல வேணாம். அந்தப் பக்கத்தை ரிப்போர்ட் பண்ணிட்டு பேசாம இருந்துருவோம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய பெரிய முதலாளிகளுக்கே முதலில் தோன்றுவது அதுதான்.

உனக்கு நான் இதுவரை எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பலகாரக் கம்பெனியில், ஒரு பாக்கெட்டில் புழு இருந்ததாக ஒருவர் வீடியோ போட்டார். அது உண்மைதான். குடோனில் ஒரு மூட்டை மாவு கெட்டிருந்தது, எங்களுக்கே தெரியும். "தப்பு நடந்துவிட்டது, அந்தத் தேதி சரக்கு முழுவதையும் திரும்ப எடுக்கிறோம்" என்று நான் அறிக்கை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலிடத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கமெண்ட்டை எல்லாம் அழி, கேட்கிறவர்களை பிளாக் பண்ணு என்றார்கள். அழித்தேன் அமுதா, என் கையால் அழித்தேன். அழிப்பதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் அழித்த பிறகு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. புழுவை மறந்திருப்பார்கள். அழித்ததை யாரும் மறக்கவில்லை. அந்த வேலையில் நான் பட்ட அவமானம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

இது ஏதோ போன் வந்த பிறகு கண்டுபிடித்த பாடமும் இல்லை. மக்கள் தொடர்பு என்று ஒரு தொழில் உருவான காலத்திலேயே தெரிந்ததுதான். 1906-இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து என்றால் ரயில் கம்பெனிகள் வாயைத் திறக்காமல் மூடி மறைக்கிற காலம். பென்சில்வேனியா ரயில்வேக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை இடத்துக்கே அழைத்துப்போய்க் காட்டவும் செய்தார். முதல் பத்திரிகைச் செய்திக் குறிப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். பின்னாளில் அவர் யார் யாருக்கோ வேலை செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டது வேறு கதை. ஆனால் அன்று அவர் செய்தது சரி.

சரி, பட்டறைக்கு வருகிறேன். அன்று மாலையே அந்த அம்மாவை வேலை செய்கிற இடத்திலேயே உட்கார வைத்து வீடியோ எடுத்தோம். பவுடர் வேண்டாம், புதுப் புடவை வேண்டாம், பின்னால் பாட்டு வேண்டாம் என்றேன். கையில் தழும்பைக் காட்டி, "இந்தக் கை என்னுதுங்க. அந்தப் பக்கம் என்னுது இல்லீங்க" என்று ஆரம்பித்தார். போலிப் பக்கத்தின் பெயரையும் நம்பரையும் படித்தார். பணம் போனவர்கள் உடனே 1930-க்கு அடித்து சைபர் கிரைமில் புகார் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார். தன் சொந்த நம்பரை இரண்டு தடவை சொன்னார். கடைசியில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகவே, "எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் கிடையாதுங்க" என்று முடித்தார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நோட்டீஸ் நோட்டீஸாக நாம் எழுதிய வரி அல்லவா அது! அந்தக் காலத்து ஜவுளிக்கடை, நகைக்கடை, லாலாக்கடை எந்த விளம்பரத்திலும் கடைசி வரி அதுவாகத்தான் இருக்கும். இடம் அடைக்க எழுதுகிறார்கள் என்று அப்போது நினைத்திருக்கிறேன். இப்போது யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிஷத்தில் உன் பெயரில் ஒரு கிளை திறந்துவிடலாம் என்கிற நிலையில், அந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

கிருஷ்ணகிரிப் பெண்ணுக்குக் கூலி வாங்காமல், வெள்ளிக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு அதே மாடலில் கொலுசு செய்து அனுப்பினார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. அது அவர்கள் முடிவு. அவள் தன் மகள் காலில் போட்டு வீடியோ எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்தாள். அதைப் பார்த்து அவள் தெருவிலிருந்தே நாலு ஆர்டர் வந்தது. போலிப் பக்கம் ஒன்பதாம் நாள் காணாமல் போனது.

இனி உன் 40,000. கொடுக்காதே என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு எத்தனை லட்சம் ஃபாலோயர் என்று பார்க்காதே. அவள் போட்ட பழைய புடவை வீடியோக்களுக்குக் கீழே போய்ப் படி. "சூப்பர்", "செம", இதயம், நெருப்பு மட்டும் இருந்தால் விட்டுவிடு. "சாயம் போகுமா?", "எனக்கு வந்தது, கரை நல்லா இருக்கு" என்று மதுரை, விருதுநகர் பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் யோசிக்கலாம். அப்புறம், காசு வாங்கிக்கொண்டு செய்தது என்று வீடியோவிலேயே தெரிகிற மாதிரிப் போடச் சொல். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே அதற்கு விதி கொண்டுவந்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். "அப்படிப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் ஆன்ட்டி" என்று அவள் சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்.

நாம் கல்லூரி முடித்த வருஷம் பழைய பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நாலு மணிக்கு நின்று பேப்பர் கட்டுக்குள் நோட்டீஸ் செருகினோமே, நினைவிருக்கிறதா? 5,000 நோட்டீஸ். "இதைக் கொண்டுவந்தால் குக்கருக்கு 10 ரூபாய் தள்ளுபடி" என்று நீதான் கீழே சேர்க்கச் சொன்னாய். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் திரும்பி வந்த நோட்டீஸைக் கல்லாவிலிருந்து எடுத்து எண்ணிக் காட்டினார், பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஏழு, கடையைச் சுற்றியுள்ள மூன்று தெருக்காரர்கள். அடுத்த தடவை அந்தத் தெருக்களுக்கு மட்டும் 500 அடித்தோம். இன்றைக்கு இதையே ரீச், கன்வர்ஷன் என்று கணக்குப் போட்டு ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். கண்ணில் பட்டது எத்தனை பேர், கடைக்கு வந்தது எத்தனை பேர், இரண்டையும் தனித்தனியாகக் கேள். உனக்கு இது புதிதில்லை.

மருமகளிடம் இன்னொன்று சொல். "விலைக்கு டி.எம். பண்ணுங்க" என்று, தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்கச் சொல்லிப் போடுகிறாளே, அதை நிறுத்தச் சொல். எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. விலையை மறைத்தால் ஆளுக்கொரு விலை சொல்வார்களோ என்றுதான் தோன்றும். விலையை எழுதிவிடு. கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி என்ன விலை, அச்சு போட்டது என்ன விலை, ஏன் இந்த வித்தியாசம் என்று சேர்த்தே எழுது. முடிச்சுப் போட்டு சாயம் தோய்த்து உலர்ந்த புடவையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று தெறித்துப் புள்ளிகள் திறக்குமே, அந்தச் சத்தத்தோடு இருபது விநாடி எடு. எந்த ரீல் பெண்ணாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, அதையும் சொல்.

இப்போது ஏ.ஐ. படங்கள் வேறு வந்துவிட்டன. போன மாதம் ஒரு கொலுசுப் படம் வந்தது, பார்க்க அத்தனை அழகு. பற்றவைக்கிறவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்த வளையம் எதுலயும் சேரவே இல்லியேம்மா, இதைக் கால்ல போட முடியாது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் சுங்குடிக்கும் இப்படி வரும். கை முடிச்சில் எந்த இரண்டு புள்ளியும் ஒரே மாதிரி இருக்காது என்பதைக் கிட்டே காட்டு. கூகுளில் தேடினால் இப்போது ஏ.ஐ.யே மேலே பதில் சொல்லிவிடுகிறது, பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் முதல் தடவை எப்படித் துவைப்பது, நீளம் எவ்வளவு, கடை எந்தக் கிழமை விடுமுறை என்பதையெல்லாம் உன் பக்கத்தில் தெளிவாகத் தமிழில் எழுதி வை. எடுத்துச் சொல்ல அதற்கு ஏதாவது கிடைக்க வேண்டுமே.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிற நம் வகுப்புத் தோழியைப் பார்த்தேன். இரண்டு அறை வாடகைக்கு விடுகிறாள். ஐந்து நட்சத்திர ரிவியூ ஐம்பது எழுதித் தருகிறோம், இவ்வளவு ரூபாய் என்று ஒருவன் போன் செய்தானாம். வைத்துவிட்டாள். ஆன்லைன் ரிவியூக்களுக்கென்றே 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரம் வகுத்திருக்கிறது என்று சொன்னேன், கேட்டுக்கொண்டாள். அவள் செய்கிறது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு விருந்தாளி "வெந்நீர் வரவில்லை" என்று இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். அதற்குக் கீழே, "உண்மைதான் சார், ஹீட்டர் பழுது, நேற்று மாற்றிவிட்டோம்" என்று எழுதி, புது ஹீட்டர் படமும் போட்டிருக்கிறாள். அதைப் படித்துவிட்டுத்தான் அறை எடுத்தோம் என்று வந்த குடும்பத்தை நானே பார்த்தேன்.

அங்கே காபிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. தை முடிவதற்குள் வா, பறிப்பு நடந்துகொண்டிருக்கும். மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவு இருபதும் திரும்பும்போது உனக்குத் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள். அடிவாரம் போகும் வழியில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு அப்படியேதான் நிற்கிறது, அங்கே நின்று ஒரு போட்டோ எடுப்போம்.

பேத்திக்கு முதல் கொலுசு என் செலவு, பேசாதே. 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறி வந்திருக்கிறது, கட்டாயம் இல்லை, ஆனால் அது போட்டே வாங்கித் தருகிறேன். அளவை போனில் இஞ்சில் சொல்ல வேண்டாம். குழந்தை தூங்கும்போது கணுக்காலைச் சுற்றி ஒரு வெள்ளை நூலை வைத்து, ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர விட்டு வெட்டி, அந்த நூலையே கவரில் வைத்து அனுப்பு. பட்டறையில் அதை வைத்துத்தான் கம்பி வெட்டுவார்கள்.

அன்புடன்,
மல்லிகா